வெள்ளிக்கிழமை மெருகு

மூரோஸ் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்மேல்
நூற்றிருபது மீட்டர் கைப்பிடிக் கம்பி.
படிக்கட்டிலிருந்து நடுக்கம்பம் வரை
உஷியா தேய்த்தது.
நடுக்கம்பத்திலிருந்து விளக்கு வரை நான்.
ஒரே உலை, ஒரே வார்ப்பு எண்,
ஒரே லாரியில் வந்திறங்கிய குழாய்கள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பிறகு எல்லோரும் எஃகைத்தான் திட்டினார்கள்.

துருப்பிடிக்காதது என்று
பெயரிலேயே சத்தியம் செய்துகொண்டு
திரிகிற உலோகம்.
சத்தியத்தைக் காப்பது உள்ளிருக்கும் இரும்பல்ல,
குரோமியம் தன்மேல் நெய்துகொள்ளும் தோல்.
கண்ணுக்குத் தெரியாது.
கீறினால்
காற்றைக் குடித்துத் தானே ஆறிவிடும்.
காற்று போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

உஷியா எண்பதில் தொடங்கி
நூற்றெண்பது, இருநூற்று நாற்பது, நானூறு என்று
முந்தைய பட்டையின் கடைசிக் கோடு சாகும்வரை
அடுத்த பட்டையை இழுத்தாள்.
இடையிடையே விரல் வைத்துப் பார்ப்பாள்,
குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

நான் எண்பதோடு நிறுத்தினேன்.
வெள்ளிக்கிழமை, மணி ஆறரை.
நயமான பட்டை தீர்ந்துவிட்டது என்றேன்
மேற்பார்வையாளரிடம்.
தீரவில்லை.
அழுத்தித் தேய்த்ததில்
மூன்று இடங்களில் நீலம் பூத்தது.
அதையும் அதே பட்டையால் அடித்து மறைத்தேன்.

தள்ளி நின்று பார்த்தால்
என் பாதிதான் அழகு. மினுக்காத, அமைதியான சாம்பல்.
கட்டடக் கலைஞர் படமெடுத்துக்கொண்டது
என் பாதியை.

முதல் புகார் தோரிண்டாவுடையது.
பாறையில் கொட்டலசு சுரண்டிவிட்டு
சாக்கைத் தோளில் போட்டு ஏறி வருபவள்.
"இந்தக் கம்பி என் கம்பளிக் கையுறையைக் கடிக்கிறது.
நடுக்கம்பம் தாண்டினால் கடிக்கிறது."
நகரசபைப் பதிவேட்டில் எழுதினார்கள்:
கையுறை பழையது.

குளிர்காலம் வந்தது.
கடல் என் கோடுகளை
ஒன்றுவிடாமல் படித்தது.
உப்புத்தாள் என்று பெயர் வைத்தவன்
இந்தக் கரையில்தான் வேலை பார்த்திருப்பான்:
தாள் உழுத சால் ஒவ்வொன்றிலும்
உப்பு குடியேறியது.
மேற்புறத்தை மழை கழுவிவிட்டுப் போகும்,
அடிப்புறத்துச் சால்களை எட்டிப் பார்க்காது.
அங்கே, மடிந்து படுத்த உலோக நாக்குகளின் அடியில்
காற்றுக்கு வழியில்லை.
மார்ச்சில்,
தேநீர் சிந்தினாற்போல் பழுப்பு.
நடுக்கம்பம் வரை வந்து
எல்லைக்கல்லைக் கண்டதுபோல் நின்றது.

வெள்ளிக்கு அடுத்தது சனி,
சனிக்கு உரியது இரும்பு.

போலிச் சரக்கு என்றது நகரசபை.
விகோவிலிருந்து அமாரோ என்பவர் வந்தார்,
கையில் சிறிய பெட்டி, அதன் நுனியில் வைர ஊசி.
ஊசி ஓர் அங்குலம்கூட நகரவில்லை,
தாளில் மட்டும் மலைத்தொடர் எழுந்தது.
உஷியாவின் பாதி: பூஜ்யம் புள்ளி மூன்று மைக்ரான்.
மற்றது: ஒன்று புள்ளி எட்டு.
குரோமியம் சரி. நிக்கல் சரி. மாலிப்டினமும் சரி.
"எஃகு பொய் சொல்லவில்லை," என்றார்.
"யாரோ பாதி வேலையில்
வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்."

உஷியா கடலைப் பார்த்தாள்.
நான் என் பூட்ஸின் கயிற்றைப் பார்த்தேன்.
ஒரு படகு எஞ்சின் அணைகிற நேரம்.
"நான்தான், பிராய்ஸ்," என்றேன்,
என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாததுபோல.

கம்பியை மாற்றவில்லை.
ஜூனில் பதினொரு நாள், கூலியில்லாமல்,
எண்பதிலிருந்து நானூறு வரை.
இம்முறை கோடுகளைச் சுற்றுவாக்கில் விட்டேன்,
வழிகிற மழை வழிந்து போகட்டும் என்று.
கடைசியில் நைட்ரிக் அமிலப் பசை, நிறைய நன்னீர்.
பிறகு காற்றின் வேலை, அதில் எனக்கொன்றுமில்லை.

விளக்கடியில், பற்றவைத்த மூலையில்
இயந்திரத்தின் தலை நுழையாத
ஒரு விரல்கடை இடம் உண்டு.
இன்னமும் வருடத்துக்கு ஒருமுறை பழுக்கிறது.
துணியோடு போய் உட்கார்ந்து துடைக்கிறேன்.

போன வாரம் தோரிண்டா ஏறி வந்தாள்,
சாக்கிலிருந்து நீர் சொட்ட,
கம்பியில் கை வழுக்கியபடி.
நடுக்கம்பம் வந்தது.

அவளுக்கு அது தெரியவில்லை.